பழைய பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் கைல கெடச்சா மொதல்ல பிளக்ல சொருகாதீங்க

பாலக்காட்டுல கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு ஸ்கூல்ல ஸ்டோர் ரூம் ஒழிச்சப்போ பழைய சாமான் வாங்குற ஆக்ரி வண்டில ஏறப்போனத கெஞ்சிக் கேட்டு வாங்கிட்டு வந்தேங்க, பழுப்பு வெள்ளை டப்பா, கீபோர்டுக்கு மேல வரிசையா பத்து செவப்பு கீ. 1984ல ஸ்கூல் பசங்களுக்கு கம்ப்யூட்டர் சொல்லிக்குடுக்க கிளாஸ்னு ஒரு திட்டம் போட்டு நம்ம நாட்டுல 250 ஸ்கூலுக்கு குடுத்த மாடல் இதான். செஞ்சது கேம்பிரிட்ஜ்ல ஏகார்ன் கம்பெனி, கிறிஸ் கரியும் ஹெர்மன் ஹவுசரும் 1978ல ஆரம்பிச்சது.

ஆசை தாங்காம அன்னைக்கே சொருகிட்டேன். அஞ்சு நிமிஷம் நல்லா ஓடுச்சு, அப்பறம் டப்புன்னு ஒரு சத்தம், ரூம் பூரா பொகை, பக்கத்து வீட்டு சேச்சி என்னமோ கருகுதேன்னு ஓடி வந்துட்டாங்க.

அதனால நீங்க இப்படிப் பண்ணுங்க. பின்னாடி ரெண்டு, அடில ரெண்டு ஸ்க்ரூ, பக்கத்துலயே ஃபிக்ஸ்னு எழுதிருக்கும், கழட்டுனா மூடி வந்துரும். எடது பக்கம் இருக்குற பெட்டிதான் பவர் சப்ளை. அதுக்குள்ள கரண்டு வர்ற எடத்துல கண்ணாடி மாதிரி மஞ்சளா ரிஃபாங்கற கம்பெனியோட கெபாசிட்டர் ரெண்டு இருக்கும், உத்துப் பாத்தா மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு தெரியும், ஈரம் உள்ள போய் வெடிக்கிறது அதுதான், நம்ம ஊரு எடவப்பாதி மழைக்கு சொல்லவே வேணாம். 0.1 ஒண்ணு, 0.01 மைக்ரோஃபேரட் ஒண்ணு, எக்ஸ்2ன்னு போட்டதா கேட்டு வாங்குங்க, நான் கோயம்புத்தூர் போய்த்தான் வாங்குனேன். பிளக்க உருவுன பின்னாடியும் பெரிய கெபாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், மீட்டர் வெச்சுப் பாக்காம வெரல வைக்காதீங்க. சால்டரிங் பழக்கம் இல்லேன்னா டிவி ரிப்பேர் பண்ற அண்ணன்கிட்ட குடுத்துருங்க, இதுல வீராப்பு வேணாம்.

மாத்துனதும் ஆன் பண்ணி, செவப்பு கருப்பு ஒயர்ல 5 வோல்ட் வருதான்னு மீட்டர்ல பாருங்க. ரெண்டு பீப் அடுத்தடுத்து வந்தா தப்பிச்சீங்க, ஸ்க்ரீன்ல பேசிக்னு வந்து நிக்கும். ஒரே பீப் நிக்காம அழுதுச்சுன்னா சாக்கெட்ல இருக்குற சிப்பெல்லாம் கட்டை வெரலால அமுக்குங்க, கிறுக்குன்னு உக்காரும், எனக்கு அதுலயே சரியாச்சு.

அப்பவும் வரலேன்னா வெளிய சொருகுன ஒயர் ஒவ்வொண்ணா உருவிப் பாருங்க. இது ஏகார்ன்காரங்களே பண்ணதுதான். 1981ல பிரிட்டன் டிவி, ரேடியோ நடத்துற பிபிசி ஆளுங்க வெள்ளிக்கிழமை மெஷினப் பாக்க வர்றதா இருந்துச்சு, மெஷினே இன்னும் செய்யல, கைல ஒரு வாரம்கூட இல்ல, ஹவுசர் என்ன பண்ணாரு, டிசைன் பண்ற ஸ்டீவ் ஃபர்பர்கிட்ட "சோஃபி முடியும்னுட்டாங்க"ன்னாரு, கூட வேலை செஞ்ச சோஃபி வில்சன்கிட்ட "ஸ்டீவ் முடியும்னுட்டாரு"ன்னாரு, ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டாங்க! (பின்னாடி ஆர்ம் சிப்ப டிசைன் பண்ணதும் இதே ரெண்டு பேர்தான், 1985ல ஓடுச்சு, உங்க போன்ல இருக்குறது அதோட வாரிசு.) தூக்கம் இல்லாம போர்டுல ஒயர் சுத்தி மெஷின முடிச்சாங்க, வெள்ளிக்கிழமை காலைலயும் மெஷின் அசையல. அது பக்கத்து மெஷினோட ஒரு ஒயர்ல கட்டிருந்துச்சு, அத வெட்டி விடுங்கன்னாரு ஹவுசர், வெட்டுனதும் ஓட ஆரம்பிச்சிருச்சு.