சிக்கிம், தவாங் பயணம்: அனுமதிச் சீட்டு விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடக்கு சிக்கிமுக்கோ அருணாசலப் பிரதேசத்தின் தவாங்குக்கோ செல்ல விரும்புகிறவர்களில் பலர் முதலில் விமானச் சீட்டை எடுத்துவிடுகிறார்கள். அடுத்து விடுதி அறையைப் பதிவு செய்கிறார்கள். அனுமதி என்பது அங்கே போய் இறங்கியபின் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் முடிந்துவிடும் வேலை என்று அதைக் கடைசிக்குத் தள்ளிவைக்கிறார்கள். மற்ற தவறுகளில் பாதி இந்த வரிசையிலிருந்தே பிறக்கின்றன. எல்லையோர மலைகளில் அனுமதிச் சீட்டு என்பது ஆளின் பெயர், செல்லும் இடம், தேதி, பெரும்பாலும் வாகன எண் ஆகிய எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிப்போடும் ஆவணம். அவற்றுள் ஒன்று பொருந்தாவிட்டாலும் சோதனைச் சாவடியில் வண்டியைத் திருப்ப வேண்டியதுதான். எந்த இடத்துக்கு எந்த அலுவலகம் அனுமதி தருகிறது, எந்தக் கிழமைகளில் அந்த இடம் திறந்திருக்கும், விண்ணப்பத்துக்கு எத்தனை நாள் வேண்டும் என்பவற்றை முதலில் விசாரித்து, அதற்கேற்ப நாள்களை வகுத்துக்கொண்டு, பயணச் சீட்டைக் கடைசியாக எடுப்பதே நல்லது.

ஓர் அனுமதி கிடைத்துவிட்டால் மாநிலம் முழுவதும் சுற்றலாம் என்று எண்ணுவது அடுத்த தவறு. அருணாசலத்துக்குள் நுழைய, அம்மாநிலத்தைச் சாராத இந்தியர் அனைவருக்கும் இன்னர் லைன் பர்மிட் என்னும் நுழைவு அனுமதி தேவை. 1873-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கொண்டுவந்த வங்காளக் கிழக்கு எல்லைப்புற ஒழுங்குமுறைச் சட்டத்தில் வேர்கொண்ட இந்த ஏற்பாடு நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் ஆகிய மாநிலங்களிலும் நடைமுறையில் உள்ளது. அருணாசலத்துக்கான பர்மிட்டை இணையவழியில் ஊரிலிருந்தே பெற்றுவிடலாம். மாநில எல்லையில் உள்ள பாலுக்போங் சாவடியில் அதைக் காட்டினால் தவாங் வரை செல்லலாம். ஆனால் தவாங்குக்கு அப்பால், 4,600 மீட்டர் உயரத்தை ஒட்டி இந்திய-சீன எல்லையில் உள்ள பும் லா கணவாய்க்கு அந்தச் சீட்டு செல்லாது. அதற்குத் தவாங் மாவட்ட நிர்வாகத்திடம் தனி அனுமதி பெற வேண்டும். வண்டியும் உள்ளூர் வண்டியாக இருக்க வேண்டும். குவாஹாத்தியிலிருந்து அமர்த்திக்கொண்டு வந்த வாகனத்திலேயே பும் லாவுக்கும் போய்விடலாம் என்று கணக்குப் போட்டவர்கள் அங்கே இன்னொரு வண்டிக்கும் பணம் கொடுக்க நேர்கிறது. பும் லாவுக்கு முந்தைய நாளை வேலைநாளாக வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாளில் போய் இறங்கினால் விண்ணப்பத்தைக் கொடுக்கவே ஆள் இராது.

சிக்கிமில் நிலைமை வேறு. காங்டாக், பெல்லிங், நாம்சி போன்ற ஊர்களுக்கு இந்தியர் எந்த அனுமதியும் இன்றிச் செல்லலாம். சோம்கோ ஏரி, நாதுலா கணவாய், வடக்கே லாச்சென், லாச்சுங் ஆகியவற்றுக்குத்தான் அனுமதி வேண்டும். அதையும் நேரில் போய் வாங்க முயல்வதைவிட, மாநிலச் சுற்றுலாத் துறையில் பதிவுபெற்ற பயண முகவர் வழியாகப் பெறுவதே நடைமுறை. நாதுலா திங்கள், செவ்வாய் ஆகிய இரு நாள்களும் பயணிகளுக்குத் திறப்பதில்லை. தமிழ்நாட்டிலிருந்து சனிக்கிழமை கிளம்பி, ஞாயிறு மாலை காங்டாக் சேர்ந்து, திங்களன்று நாதுலா என்று திட்டமிடும் குடும்பங்கள் இதில்தான் ஏமாறுகின்றன. அதே வாரத்தை வேறு விதமாகப் பிரிக்கலாம். திங்களன்று காங்டாக்கில் தங்கி ஓய்வெடுத்து, ஆவணங்களை முகவரிடம் கொடுத்துவிடுங்கள். செவ்வாய் லாச்சுங், புதன் காலை யும்தாங் பள்ளத்தாக்கு, மாலையில் லாச்சென், வியாழன் குருடோங்மார் ஏரியைப் பார்த்துவிட்டு இரவுக்குள் காங்டாக். வெள்ளிக்கிழமை ஓய்வுக்கும் நாதுலா அனுமதிக்கும் ஆயிற்று. சனிக்கிழமை நாதுலா போகலாம். சாலை திறந்திருந்தால் எட்டு நாளில் எல்லாம் அடங்கும்.

முகவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அன்று. அனுமதிச் சீட்டில் எந்தெந்த இடங்களின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கும் என்பதே. "வடக்கு சிக்கிம் மூன்று நாள்" என்று விற்கப்படும் தொகுப்பில் குருடோங்மார் இல்லாமல் போகலாம். லாச்சென் செல்லும் வழியையே விட்டுவிட்டு லாச்சுங்கோடு முடிவதும் உண்டு. கிளம்பும் முன் சீட்டை வாங்கிப் படித்து, எல்லாருடைய பெயரும் இருக்கிறதா, எழுத்துப் பிழை இல்லையா, தேதி சரியா, வாகன எண் நீங்கள் ஏறப்போகும் வண்டியின் எண்தானா என்று பாருங்கள். வெளிமாநிலப் பதிவெண் கொண்ட சொந்தக் காரை காங்டாக் வரை ஓட்டிச் செல்லலாமே தவிர, அதற்கு மேல் வடக்கே கொண்டுபோகலாம் என்று நம்பிவிட வேண்டாம்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. விண்ணப்பப் படிவம் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களைத் தரும். நம்மிடம் இருப்பதோ ஒரு பெயரும் ஒரு தலைப்பெழுத்தும். வாக்காளர் அட்டையில் வெறும் முருகன். ஓட்டுநர் உரிமத்தில் முருகன் எஸ். விமானச் சீட்டில் தலைப்பெழுத்து விரிந்து முருகன் சுப்பையா. மூன்றும் ஒரே ஆள் என்பது நமக்குத் தெரியும். மலைமேல் பனியில் நின்றபடி பட்டியலைச் சரிபார்க்கும் காவலருக்குத் தெரியாது. எந்த அடையாள அட்டையின் நகலை விண்ணப்பத்துடன் கொடுக்கிறீர்களோ, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பெயரை நிரப்புங்கள். அதே அட்டையின் அசலையே பயணத்தில் கையில் வைத்திருங்கள். வாக்காளர் அட்டை, கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம் ஆகியவை பொதுவாக ஏற்கப்படுகின்றன. பான் அட்டையில் முகவரி இல்லாததால் அதை நம்பிப் போகாதீர்கள். ஆதார் சில இடங்களில் போதும், சில இடங்களில் போதாது என்பதால் இரண்டாவது அட்டை ஒன்றைக் கூடவே வைத்திருப்பது நல்லது. குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அது தமிழில் மட்டும் இருந்தால் அங்கே படிக்க ஆள் கிடைக்காது, ஆங்கிலத்திலும் உள்ள சான்றிதழை ஊரிலேயே வாங்கிவிடுங்கள். கடவுச்சீட்டு அளவுப் படங்கள் சில, எல்லா ஆவணங்களுக்கும் பல நகல்கள், அச்சிட்ட அனுமதிச் சீட்டு ஆகியவை ஓர் உறையில் இருக்கட்டும். கைப்பேசியில் இருக்கும் படம் போதும் என்று எண்ணுவோர், இணைப்பும் மின்சாரமும் இல்லாத சாவடியில் தவிக்கிறார்கள். சாவடிக்குச் சாவடி நகலைக் கொடுத்துவிட்டுச் செல்ல வேண்டியதும் வரும்.

இதைவிடப் பெரிய ஏமாற்றம், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினரைச் சேர்த்துக்கொண்டு கிளம்பும் குடும்பங்களுக்கு நேர்கிறது. மலேசியாவிலிருந்து வந்த சித்தப்பாவும் கனடாவில் பிறந்த பேத்தியும் இந்தியாவில் எங்கும் தடையின்றிச் சுற்றலாம் என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டவர் நுழையக் கட்டுப்பாடு உள்ள 'பாதுகாக்கப்பட்ட பகுதி'களைப் பொறுத்தவரை அவர்களும் தனி அனுமதி பெற்றாக வேண்டும். சிக்கிமுக்குள் நுழையவே வெளிநாட்டவருக்கு அனுமதி தேவை. வடக்கே செல்லக் குறைந்தது இருவர் கொண்ட குழுவாக, பதிவுபெற்ற முகவர் வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும். நாதுலாவுக்கும் குருடோங்மாருக்கும் அவர்களுக்கு அனுமதியே இல்லை. சில நாட்டவருக்கு மத்திய உள்துறை அமைச்சகத்தின் முன்னிசைவும் வேண்டியிருக்கும். ஆகையால் குழுவில் ஒருவரிடமாவது வெளிநாட்டுக் கடவுச்சீட்டு இருந்தால், இடங்களை முடிவு செய்வதற்கு முன்பே அதை முகவரிடம் சொல்லிவிட வேண்டும். பாட்டியும் பேரக்குழந்தைகளும் ஏரிக்குப் போக, பேத்தி மட்டும் லாச்சென் விடுதியில் தனியே உட்கார்ந்திருக்கும் நிலையை எந்தக் குடும்பமும் விரும்பாது. எல்லாரும் சேர்ந்து போகக்கூடிய யும்தாங்கையும் சோம்கோவையும் தேர்ந்துகொள்வதே என் பரிந்துரை. அழகில் அவை எதற்கும் குறைந்தவை அல்ல.

பழைய தகவலை நம்புவதும் அடிக்கடி நடக்கும் தவறு. லடாக்கின் நுப்ரா, பாங்கோங் ஆகிய இடங்களுக்கு இந்தியப் பயணிகள் இன்னர் லைன் பர்மிட் வாங்க வேண்டும் என்ற விதி 2021 ஆகஸ்டில் நீக்கப்பட்டது. சுற்றுச்சூழல் கட்டணம் மட்டும் தொடர்ந்தது. மாறாக, மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து மாநிலங்களுக்குச் செல்லும் வெளிநாட்டவருக்குப் பல ஆண்டுகள் தளர்த்தப்பட்டிருந்த கட்டுப்பாடு 2024 டிசம்பரில் திரும்ப வந்தது. விதி மாறாவிட்டாலும் சாலை மாறிவிடும். 2023 அக்டோபர் 4 அன்று தெற்கு லோனாக் பனிப்பாறை ஏரி உடைந்து, சுங்தாங் அணையை அடித்துச் சென்ற வெள்ளம், வடக்கு சிக்கிமின் பாலங்களையும் சாலைகளையும் சிதைத்தது. அதன்பின் அப்பகுதி திறப்பதும் மூடுவதும் மழையைப் பொறுத்ததாகிவிட்டது. போன ஆண்டு போய்வந்த நண்பரின் வார்த்தை இந்த ஆண்டுக்குச் செல்லாது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பும், மறுபடி முந்தைய நாளும், மாநிலச் சுற்றுலாத் துறையின் அறிவிப்பைப் பார்த்து, முகவரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அனுமதிச் சீட்டு கையில் வந்ததும் உயரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள் என்பதே எனக்கு மிகுந்த கவலை தருவது. லாச்சென் சுமார் 2,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விடியுமுன் கிளம்பும் வண்டி, சில மணி நேரத்தில் 5,000 மீட்டருக்கு மேல் உள்ள குருடோங்மாரில் கொண்டுபோய் நிறுத்துகிறது. 3,000 மீட்டரைத் தாண்டியபின் இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. அங்கே இரவு தங்குவதில்லை என்றாலும், உடல் பழகுமுன் அவ்வளவு உயரத்தில் அரை மணி நேரம் நிற்பதே சிலருக்குத் தாங்காது. மேலே சொன்ன திட்டத்தில் யும்தாங்கை முதலில் வைத்ததற்குக் காரணம் இதுதான்: ஏறத்தாழ 3,500 மீட்டரில் ஒரு பகலைக் கழித்துவிட்டுப் போகிற உடல், குருடோங்மாரைச் சற்று எளிதாக ஏற்கும். தலைவலியும் குமட்டலும் தொடங்கினால் மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்க வேண்டும். கையடக்க ஆக்சிஜன் குப்பி இறங்குவதற்கு ஈடாகாது. உயரத்தால் வரும் நோயைத் தடுக்கப் பயன்படும் அசெட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது, குறிப்பாக சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள். இதய, நுரையீரல் நோயுள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரின் கருத்தைக் கேட்டபிறகே திட்டத்தில் சேரட்டும். உடன் வந்தவர் முடியவில்லை என்று சொல்லும்போது, இவ்வளவு பாடுபட்டு வாங்கிய அனுமதி வீணாகிறதே என்று அவரை வற்புறுத்தி மேலே அழைத்துச் செல்வதைவிடக் கொடிய தவறு இந்தப் பயணத்தில் வேறில்லை.

திரும்பும் நாளையும் நெருக்கி வைக்க வேண்டாம். லாச்சுங்கிலிருந்து கிளம்பி அன்றே பாக்டோக்ராவில் விமானம் பிடிப்பது தாளில் மட்டுமே நடக்கும். தீஸ்தா ஆற்றை ஒட்டி ஓடும் பத்தாம் எண் தேசிய நெடுஞ்சாலை மழைக்காலத்தில் மண்சரிவால் மணிக்கணக்கில், சில வேளைகளில் நாள்கணக்கில் அடைபடுகிறது. காங்டாக்கிலோ சிலிகுரியிலோ ஓர் உபரி நாள் இருந்தால், ஒரு நாள் தள்ளிப்போன அனுமதியையும் அதைக்கொண்டு சமாளிக்கலாம். தவாங் வழியில் 2024 மார்ச்சில் திறக்கப்பட்ட சேலா சுரங்கப்பாதை, கணவாயின் உச்சியில் பனியால் நேரும் தடையைப் பெரிதும் குறைத்திருக்கிறது. ஆயினும் குவாஹாத்தியிலிருந்து தவாங் ஒரே நாளில் போய்ச்சேரும் தொலைவு அன்று; திராங்கிலோ பொம்டிலாவிலோ ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும்.

பெட்டியில் என்ன எடுத்துப்போகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். அரசின் உரிமம் இல்லாத செயற்கைக்கோள் தொலைபேசி இந்தியாவில் சட்டவிரோதமானது. வெளிநாட்டிலிருந்து வரும் மலையேறிகள் அவசர உதவிக்கென்று கொண்டுவரும் செயற்கைக்கோள்வழிச் செய்திக் கருவியும் இதில் சிக்கும், கைதானவர்களும் உண்டு. ட்ரோனை எல்லைப் பகுதியில் பறக்கவிட நினைக்கவே கூடாது. அதை ஊரிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். நாதுலாவில் படம் எடுக்கத் தடை உள்ளது. மற்ற இடங்களிலும் பாலம், முகாம், படை வாகனம் ஆகியவற்றின் பக்கம் கேமராவைத் திருப்புமுன் காவலில் நிற்கும் வீரரைக் கேளுங்கள். லாச்சென் ஊர் மக்கள் 2012-லேயே நெகிழிக் குடிநீர்ப் புட்டிகளுக்குத் தடை போட்டுவிட்டார்கள், 2022 முதல் மாநில அரசும் அதைப் பின்பற்றுகிறது. ஆகவே ஆளுக்கொரு எஃகுக் குப்பியை எடுத்துச் சென்று, காலையில் வண்டி ஏறும் முன் தங்கும் விடுதியிலேயே காய்ச்சிய நீரை நிரப்பிக்கொள்ளுங்கள்.