விசிலுக்கும் சர்வீஸுக்கும் நடுவில் எட்டு வினாடி

மண்டலப் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது, "மேடம், எங்க பிள்ளைங்களுக்கு மனசுக்கு ஏதாவது சொல்லிக் கொடுங்க" என்று போன் வரும். பத்து நாளில் ஒன்றும் நடக்காது. மனப்பயிற்சியும் பயிற்சிதான். கல்லூரி திறந்ததும் ஓட்டத்தோடு சேர்த்தே தொடங்க வேண்டும். எங்களைப் போன்ற சேலத்துக் கல்லூரிகளில் விளையாட்டு உளவியலாளரெல்லாம் கிடையாது, பி.டி. என்கிற உடற்கல்வி இயக்குநர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பெண்கள் வாலிபால் அணியில் நான் செய்வதைச் சொல்கிறேன்.

"பயப்படாம ஆடு" என்பதை முதலில் விட்டுவிடுங்கள். அதைக் கேட்டதும் பிள்ளை தன் பயத்தைத்தான் கவனிக்கும். நெஞ்சு படபடப்பதும் கை வியர்ப்பதும் உடம்பு ஆட்டத்துக்குத் தயாராகும் விதம் என்று பயிற்சி நாளிலேயே சொல்லி வையுங்கள்.

அப்புறம் சர்வீஸ். வாலிபாலில் ஒரு பெண் தனியாக நிற்கும் இடம் அது ஒன்றுதான். நடுவர் விசில் அடித்த எட்டு வினாடிக்குள் பந்தை அடித்தாக வேண்டும். 23-23 என்று நிற்கும்போது அந்த எட்டு வினாடி சும்மா கிடந்தால், "நெட்டில் அடிச்சிடுவேனோ" என்பதுதான் தலைக்குள் ஓடும். அதனால் அந்த நேரத்துக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். இரண்டு முறை பந்தைத் தட்டு. எதிர்ப்பக்கத்தில் எங்கே போட வேண்டுமோ அந்த இடத்தைப் பார். மூச்சை இழுத்ததைவிட மெதுவாக, நீளமாக விடு. மனசுக்குள் ஒரு சொல். பந்தைத் தூக்கு. வரிசையை அவளே தேர்ந்தெடுக்கட்டும். ஆனால் 3-1 என்றாலும் 23-23 என்றாலும் அதே வரிசைதான். அந்தச் சொல் "முழங்கை", "மணிக்கட்டு" என்று இருக்கவே கூடாது. பழகிய கை தானாகச் செய்வதை, நெருக்கடியில் பகுதி பகுதியாகக் கவனித்தால் அது தடுமாறும். "மூலை", "உயரம்" மாதிரி பந்து போகும் இடத்தைச் சொல்லட்டும்.

அமைதியான மைதானத்தில் மட்டும் இதைப் பழகிப் பயனில்லை. பயிற்சி முடிந்து எல்லோரும் களைத்திருக்கும்போது ஆளுக்கு ஒரே ஒரு சர்வீஸ். மற்றவர்கள் கோட்டோரம் நின்று கத்தட்டும், ஒருத்தி போனில் படம் பிடிக்கட்டும். தவறவிட்டால் மொத்த அணியையும் ஓடவிடும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அடுத்த முறை அவள் பந்தைப் பார்க்க மாட்டாள், தோழிகளின் முகத்தைத்தான் பார்ப்பாள்.

ஆட்டம் மகாத்மா காந்தி ஸ்டேடியத்தில் என்றால், முடிந்தால் முந்தின நாளே அழைத்துப் போய் நிற்க வையுங்கள். வெயில் எந்தப் பக்கம், கூட்டம் எங்கே உட்காரும் என்று பார்த்துக்கொள்ளட்டும். இரவு ஹாஸ்டலில் கண்ணை மூடி, தன் கண் வழியாகவே, நிஜ வேகத்தில் ஐந்து நிமிடம் ஆடிப் பார்க்கட்டும். பந்து வெளியே போவதையும், அதற்கடுத்த பந்துக்கு அவள் தயாராவதையும் சேர்த்துத்தான்.

இலக்கு பற்றிப் பேச எனக்கு நம்ம மாவட்டத்துக்காரர் போதும். பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். 2021இல் டோக்கியோவில் மழை. பாதிக்கப்பட்ட காலில் போட்டிருந்த சாக்ஸ் நனைந்து தாண்டச் சிரமமானதாக அவரே சொன்னார். அங்கே 1.86, வெள்ளி. மழையும் நடுவரும் எதிரணியும் நம் கையில் இல்லை. ஆகவே பிள்ளைகளின் நோட்டில் "கோப்பை" என்று எழுத விடுவதில்லை. "பத்து சர்வீஸில் எட்டு உள்ளே" என்றால் சரி.

தோற்ற அன்று வேனில் பாடம் நடத்த வேண்டாம். தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, வீடியோவை மறுநாள் போடுங்கள். காயம்பட்டவளை வீட்டில் உட்கார வைக்காமல் ஸ்கோர் எழுத வரச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் மீறி ஒருத்தி வாரக்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தால் அது நம் மூச்சுப் பயிற்சியில் சரியாகிற விஷயம் இல்லை. மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அவள் உங்களிடம் சொன்னது அணித் தேர்வு நடக்கும் அறைக்குள் வரக் கூடாது. வந்துவிட்டது என்று தெரிந்தால் அடுத்த பெண் வாயே திறக்க மாட்டாள்.