டிராலியில் குழந்தையை உட்கார வைக்கும் முன்

சூப்பர் மார்க்கெட்டில் டிராலி எடுத்ததும் முதலில் சீட் பெல்ட்டின் கொக்கியை மாட்டிப் பாருங்கள். க்ளிக் என்று பிடிக்காவிட்டால் வேறு டிராலி எடுங்கள். போன வாரம் நான் மூன்றாவது டிராலியில்தான் நல்ல பெல்ட்டைப் பார்த்தேன்!

ஒரு டிராலி இன்னொன்றுக்குள் நுழைந்து நிற்க, பின்பக்கக் கதவு மேலே தூக்கிக்கொள்ளும். இந்த ஏற்பாடு 1946-இல் அமெரிக்காவின் ஆர்லா வாட்சன் செய்தது. மடங்கும் குழந்தை சீட் அந்தக் கதவிலேயே, கைப்பிடியை ஒட்டி, உயரத்தில் இருக்கிறது. காலி டிராலியில் குழந்தையை வைத்தால் பாரம் முழுக்க மேலேதான். அது எழுந்து நின்றாலோ, மூத்த பிள்ளை பக்கவாட்டில் தொற்றினாலோ வண்டி சாய்ந்துவிடும். அதனால் அரிசி மூட்டை, எண்ணெய் கேன் போன்றவற்றை முதலில் எடுத்து அடியில் போடுங்கள். பிஸ்கட், சிப்ஸ் எல்லாம் அப்புறம்.

தானாக நிமிர்ந்து உட்காராத குழந்தைக்கு இந்த சீட் சரிப்படாது. கார் சீட்டைத் தூக்கி இதன்மேல் வைப்பதும் வேண்டாம், சறுக்கும். பல டிராலிகளில் 15 கிலோ வரை என்று ஸ்டிக்கர் இருக்கும். உட்கார வைக்குமுன் கால் நுழையும் ஓட்டைகளையும் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துவிடுங்கள்.