பின்வளவில் உட்கார ஓர் இடம்: கதிரை கடைசியில்தான்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் பின்வளவு 15 அடிக்கு 12 அடி. ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடி, அதில் முக்கால்வாசிகூட இல்லை. உடுப்புக் கொடி, வெறும் காஸ் சிலிண்டர், வெடித்துப்போன தண்ணீர்த் தாங்கி என்று கிடந்த இடம். அதைத் துப்புரவாக்கி, டைல்ஸ் பதித்து, நாலு கதிரையும் வாங்கிப் போட்டோம். ஒக்டோபரில் முதல் இடிமழை பெய்த இரவு, முற்றத்துத் தண்ணீர் முழுக்கக் குசினிக்குள் வந்து நின்றது. டைல்ஸ் பதித்தவர் இறக்கத்தை வீட்டுப் பக்கமாக வைத்திருந்தார். பார்க்க மட்டமாகத்தான் இருந்தது. எனக்கும் அன்று அது தெரியவில்லை.

அதை உடைத்து, மேசன் ஒருவரோடு கூட நின்று இரண்டாம் முறை செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். கொழும்பில் இந்த வேலைக்கு நல்ல காலம் ஜனவரியும் பெப்ரவரியும். ஏப்ரல், மேயிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கிடங்கு வெட்டினால் குளம்தான் வெட்டுவீர்கள்.

1. ஒரு ஞாயிறு சும்மா பாருங்கள்

ஒரு பிளாஸ்டிக் கதிரையை வெளியே கொண்டுபோய், காலை 7, 10, பகல் 1, மாலை 4, 6 என்று ஐந்து தரம் நிழல் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெயில் வருடம் முழுக்க ஒரே பக்கம் இருக்காது. ஏப்ரல் தொடக்கத்தில் கொழும்பில் உச்சி வெயில் நேரே தலைக்கு மேல். அதற்குப் பிறகு ஓகஸ்ட் முடியும் வரை மத்தியானச் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும், டிசம்பரில் தெற்கே நன்றாகச் சரிந்துவிடும். ஆனால் உட்கார விடாமல் துரத்துவது பிற்பகல் மேற்கு வெயில்தான். மறைப்பு வைப்பதென்றால் முதலில் அந்தப் பக்கம்.

அடுத்த மழையில் குடையோடு போய் நில்லுங்கள். கூரைப் பீலி எங்கே கொட்டுகிறது, எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது, கான் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இந்தப் பத்து நிமிஷம் எந்த வரைபடத்தையும்விடப் பெறுமதி.

2. கடதாசியில் கதிரை வைத்துப் பாருங்கள்

கட்டக் கொப்பியில் ஒரு கட்டம் ஓர் அடி என்று வைத்து வளவைக் கீறுங்கள். கதிரைக்கு 2 அடிக்கு 2 அடி, அதைப் பின்னால் இழுத்து எழும்ப இன்னுமோர் அடியாவது வேண்டும். 3 அடி மேசையைச் சுற்றி நாலு பேர் வசதியாக இருக்க 9 அடிக்கு 9 அடி போய்விடும். எங்களுக்கு அது கட்டவில்லை. சுவரோரம் ஒன்றரை அடி உயரத்தில் சீமெந்துத் திண்ணை கட்டி, மறுபக்கம் இரண்டு கதிரை போட்டோம். ஆறு பேர் இருக்கலாம்.

இடம் சிறிது என்று கவலைப்படுகிறவர்கள், கொள்ளுப்பிட்டி 33ஆம் ஒழுங்கையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம். நாலு சின்ன வீடுகளை ஒன்றாக்கி, இடையிடையே வானத்துக்குத் திறந்த குட்டி முற்றங்களை விட்டிருக்கிறார். சில முற்றங்களில் ஒரு மரமும் கொஞ்ச வெளிச்சமும்தான்.

மலசலகூடக் குழாயின் மேன்ஹோல் மூடி எங்கே என்பதையும் கட்டாயம் குறியுங்கள். அதன்மேல் எதையும் பதித்து மூடக்கூடாது. நிரந்தரக் கூரை போடும் எண்ணம் இருந்தால் முதலில் மாநகர சபையில் கேளுங்கள். பின்புறம் விட வேண்டிய வெளிக்குச் சட்டம் இருக்கிறது. எல்லை மதிலில் வளையை ஏற்றுவதும் பக்கத்து வளவுக்குள் தண்ணீரை இறக்குவதும் வேண்டாம். எங்கள் பக்கத்து வீட்டு மாமி இந்த விஷயத்தில் சட்டத்தரணியைவிடக் கெட்டிக்காரி.

3. மட்டமும் இறக்கமும்

இதில் அவசரப்படாதீர்கள். குசினி வாசலின் உள்நிலத்தைவிட முற்றத்தின் மேல்மட்டம் 6 அங்குலமாவது தாழ்வாக இருக்க வேண்டும். அங்கிருந்து கானை நோக்கி ஒவ்வோர் அடிக்கும் 5 மில்லிமீற்றர் இறக்கம். 12 அடிக்கு 60 மில்லிமீற்றர், ஏறத்தாழ இரண்டரை அங்குலம். கதிரை ஆடாது, கண்ணுக்கும் தெரியாது, தண்ணீர் மட்டும் போகும்.

மட்டம் பிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்றில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு நுனியை வாசலோரத்திலும் மறு நுனியைக் கான் பக்கத்திலும் அடித்த முளைகளோடு சேர்த்துப் பிடியுங்கள். இரண்டு நுனியிலும் தண்ணீர் நிற்கிற உயரம் ஒன்று. அதை முளைகளில் கோடு போட்டுக்கொண்டு, கான் பக்கத்து முளையில் கோட்டுக்கு 60 மில்லிமீற்றர் கீழே இன்னொரு கோடு போடுங்கள். வாசல் பக்கத்து மேல்கோட்டில் இருந்து அந்தக் கீழ்க்கோட்டுக்கு நூல் கட்டினால், அதுதான் உங்கள் இறக்கம். தோண்டும்போதும் கல் பதிக்கும்போதும் அளவெல்லாம் அந்த நூலில் இருந்துதான்.

முதல்முறை செய்தவரிடம் நானும் கேட்டிருந்தேன். "தண்ணி தன்ர பாட்டில போகும் அக்கா" என்றார். போனது, குசினிக்கு.

4. தோண்டி, நிரப்பி, பதிப்பது

இரண்டாம் முறை டைல்ஸை விட்டுவிட்டு இன்டர்லொக் கல்லுக்கு மாறினோம். ஆள் நடமாட மட்டும் என்றால் 60 மில்லிமீற்றர் கல் போதும், வாகனம் ஏறுவதென்றால் 80. அதன் கீழே ஒன்றேகால் அங்குலம் மணல், அதற்கும் கீழே 4 அங்குலம் ஏ.பி.சி. (சல்லியும் கல்தூளும் கலந்த அடித்தளக் கலவை). ஆக, முடிந்த மட்டத்தில் இருந்து 8 அங்குலம் தோண்ட வேண்டும்.

கணக்கு இப்படி. ஒரு கியூப் 100 கன அடி. எங்கள் 180 சதுர அடிக்கு 4 அங்குல ஏ.பி.சி. 60 கன அடி; அடித்து இறுக்கும்போது குறையும் என்பதால் முக்கால் கியூப் எடுத்தோம். மணல் கால் கியூப். கல் 190 சதுர அடி, வெட்டுப்படுவதையும் சேர்த்து. யாரும் சொல்லாத கணக்கு ஒன்று இருக்கிறது: வெட்டிய மண். 120 கன அடி தோண்டினால், இளகிய மண் ஒன்றரை கியூப்புக்கு வரும். அதை எந்த வழியாக வெளியே எடுப்பது, யார் ஏற்றிப் போவது என்று முதலே பேசி வையுங்கள். எங்கள் ஒழுங்கைக்குள் பெரிய லொறி வராது, சின்ன லொறி இரண்டு தரம் வந்தது.

ஏ.பி.சி.யை இரண்டு படையாகப் போட்டு, ஒவ்வொரு படைக்கும் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, கொம்பெக்டர் (அடித்து இறுக்கும் இயந்திரம்) வாடகைக்கு எடுத்து அடியுங்கள். பிறகு மணலைப் பரப்பிப் பலகையால் இழுத்துவிட்டு, அதன்மேல் கால் வைக்காமல், பதித்த கல்லில் நின்றுகொண்டே முன்னால் பதித்துப் போங்கள். சுற்றிவர ஓரத்துக்குக் கொங்கிரீட் கட்டு போடாவிட்டால் ஆறு மாதத்தில் கல் விலகும். கடைசியாகக் காய்ந்த மணலைக் கூட்டி இடுக்குகளுக்குள் இறக்கி, மறுபடி ஓர் அடி.

5. நிழலும் வெளிச்சமும்

முதல் மழைக்காலம் முடியும்வரை நிரந்தரக் கூரை வேண்டாம் என்பது என் கருத்து. நிழல் வலை ஒன்று கட்டிப் பாருங்கள், எங்கே வேண்டும் என்று தானாகத் தெரியும். மரத்தூண் வைப்பதென்றால் மண்ணில் புதைக்காமல், தூணின் அடியைத் தாங்கும் இரும்புப் பிடியில் தூக்கி நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கறையானுக்குச் சாப்பாடு. கடற்காற்றுப் படுகிற பக்கங்களில் சாதாரண ஆணி துருப்பிடிக்கும். கறள் ஏறாத எவர்சில்வர் ஆணிக்கு இரண்டு மடங்கு கொடுத்தாலும் நட்டமில்லை. பழைய அஸ்பெஸ்டஸ் தகடு இருந்தால் அறுக்காதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

வெளி பிளக்கும் விளக்கும், மின்சாரம் கசிந்தால் தானாக அணைக்கிற ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பில்தான் இருக்க வேண்டும். இதை மின்வேலைக்காரரிடம் விடுங்கள்.

6. செடி வைக்கும்போது நுளம்பை மறக்காதீர்கள்

2017இல் நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. நுளம்பு முட்டையில் இருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். பூச்சட்டிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள். இலைக்கவட்டில் தண்ணீர் பிடிக்கிற பிரோமிலியாட் அழகுதான், ஆனால் எங்கள் வளவுக்கு வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். கறிவேப்பிலை, ரம்பை, ஒரு செவ்வரத்தை, அவ்வளவுதான்.

7. கதிரை வாங்கமுதல்

ஒரு வாளித் தண்ணீரை வாசலடியில் ஊற்றுங்கள். எங்களுக்கு எல்லாம் ஓடிப்போய், நடுவில் ஓர் உள்ளங்கையளவு மட்டும் தேங்கியது. மேசன் அண்ணை இரண்டு ஸ்க்ரூட்ரைவரால் அந்தக் கல்லை நெம்பி எடுத்தார், கீழே ஒரு கைப்பிடி மணல் போட்டுத் தடவினார், கல்லைத் திரும்ப வைத்து ரப்பர் சுத்தியலால் மூன்று தட்டுத் தட்டினார். இரண்டாவது வாளி நிற்காமல் கானுக்குப் போனது. அடுத்த நாள்தான் கதிரை வாங்கப் போனோம்.