பெற்றோரைக் கையெழுத்துக்கு மட்டும் தேடாதீர்கள்

தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிதாகத் தலைமையாசிரியராக வருகிறவர்கள், நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே தவறுகளை மறுபடியும் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு கேட்கவில்லை. பெற்றோரிடம் மரியாதையாகப் பேசு, உட்கார நாற்காலி போடு என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வராதவர்களுக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டுவது

வேலைநாள் பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, "இந்த ஊர்க்காரங்களுக்குப் பிள்ளைங்க படிப்பே முக்கியமில்ல" என்று பேசுவது என்ன நியாயம்? அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரிக் கொட்டை உடைக்கிற ஆலைக்குப் போகிற அம்மாவுக்கு அரைநாள் கூலி போய்விடும். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் தூத்தூர் பக்கத்து அப்பாக்கள் ஆழ்கடலுக்குப் போனால் கரைக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். ரப்பர் பால் வெட்டுகிறவரோ விடிவதற்கு முன்பே தோட்டத்துக்குப் போய், பாலை எடுத்து, உறைய வைத்து, ஷீட் அடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார், அவருக்குக் காலைக் கூட்டம் சரிப்படாது. கடற்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை பொதுவாகத் தொழிலுக்குப் போவதில்லை. தேவாலயத்துப் பூசை, சாப்பாடு எல்லாம் முடிந்து சாயங்காலம் நாலு மணிக்கு வைத்துப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் போட்டால் போதும் என்று நினைப்பது

குழுவில் இருப்பது அப்பாவின் நம்பர். அப்பா கடலில்.

தீர்மான நோட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும், வருகிற பணம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் அந்தக் குழுவின் வேலை. நடப்பது என்ன? கூட்டமே நடக்காமல் தீர்மானம் எழுதி, தலைவியின் பிள்ளை கையிலேயே நோட்டைக் கொடுத்து, பென்சிலில் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் தலைவியாக இருந்தவர் அண்டி ஆபீசில் வேலை பார்த்த ஒரு அம்மா. கழிப்பறைக்குப் பணம் வந்தது. கதவு போட்டார்கள், ஓடு பதித்தார்கள், வெள்ளையடித்தார்கள். தண்ணீர் மட்டும் மேலே ஏறவில்லை. கொஞ்ச நாளில் ஜங்ஷனில் கடை வாசலில் வைத்து ஆட்கள் அவரிடமே கேட்டார்கள், "நீதான தலைவி, எவ்வளவு ரூபா வந்தது?" என்று. அவருக்குத் தெரியாது. ஒரு பைசாவை யாரும் தின்னவில்லை, தலைமையாசிரியரும் நேர்மையான ஆள்தான், "அந்த அம்மாவுக்கு எதுக்குச் சிரமம்னு நெனச்சேன்" என்றார். ஆனால் ஊர் நம்புமா? அந்த அம்மா அதற்கப்புறம் பள்ளிப் பக்கமே வரவில்லை, வருடக் கடைசியில் மகளையும் வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார். அடுத்த குழுவுக்கு எந்த அம்மாவும் பெயர் கொடுக்க முன்வரவில்லை.

இத்தனைக்கும் மகள் தினமும் பள்ளி விட்டதும் ஏன் வீட்டுக்கு ஓடி வருகிறாள் என்று அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேட்டிருந்தால், கதவு அப்புறம் இருக்கட்டும் சார், முதலில் மோட்டாரைப் பாருங்கள் என்று சொல்லியிருப்பார்.

பணம் வந்த உடனே தொகையைக் கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். கரும்பலகையிலும் எழுதிப் போடுங்கள். பெற்றோர் பேசியதற்குப் பிறகு, அவர்கள் கண்முன்னாலேயே தீர்மானத்தை எழுதுங்கள். செலவான பிறகு பில்லைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். வாசிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டுங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது.

மதிப்பெண்ணை எல்லார் முன்னாலும் வாசிப்பது

வேண்டாம்.

புகார் சொல்வதற்கு மட்டும் கூப்பிடுவது

பிள்ளை தடுமாறாமல் ஒரு பக்கம் வாசித்த அன்றும் போன் போடுங்கள்.

"அம்மாவை வரச் சொல்லுங்க" என்று பாட்டியைத் திருப்பி அனுப்புவது

அம்மா குவைத்தில், அப்பா துபாயில். தலை வாரிப் பள்ளிக்கு அனுப்புவதும், ராத்திரி காய்ச்சல் அடித்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் பாட்டிதான். அவரிடமே படிப்பைப் பற்றிப் பேசுங்கள். சட்டமும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்றுதான் சொல்கிறது, பாட்டியைக் குழுவிலேயே சேர்க்கலாம்.