கையில் வெறும் பட்டை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் வீடு. எனக்கு ஷிஃப்ட் வேலை என்பதால், என் நாய் மணியை நடக்கக் கூட்டிப்போக ஒரு பையனை வைத்தேன். தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கோ ஒரு வெடி. மணி பின்வாங்கித் தலையை உருவிக்கொண்டு ஓடிவிட்டான்; பையன் கையில் வெறும் கழுத்துப் பட்டை. ராத்திரி 9 மணிக்கு மேல்தான் கேட்டருகே வந்து நின்றான் மணி, பாதமெல்லாம் தேய்ந்து.

தப்பு என் மேலும்தான். பட்டைக்குள் 2 விரல் நுழைந்தால் போதும். நான் 4 விரல் போகும்படி விட்டிருந்தேன். இப்போது மார்போடு கட்டும் ஹார்னஸ், கூடவே பட்டையிலும் ஒரு வார்.

அப்புறம் வேறு ஆள் தேடியபோது, வரப்போகிறவர் ஏற்கெனவே வேலை பார்க்கும் இரண்டு வீட்டாரிடம் பேசினேன். ஒரு வாரம் நானும் கூடவே நடந்தேன். வந்த அக்கா முதல் நாளே மணியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வெளுத்திருந்தால் பிலியரியாக இருக்கலாம், உண்ணி கடித்து வரும் காய்ச்சல். ரேபிஸ் ஊசிச் சீட்டையும் கேட்டார். எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் அதைக் கேட்காதவரை நான் நம்பமாட்டேன். ஜனவரி இங்கே கோடை; அந்த வெயிலில் புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். சம்பளம் கொஞ்சம் கூடுதல். சரி, கொடுக்கலாம்.

வெடி கேட்கும் நாட்களில் மாலை நடை கிடையாது. காலை ஐந்தரைக்கே முடித்துவிடுகிறார்.