நாகர்கோவிலிலிருந்து மும்பைக்கு: குடும்பத்தோடு இசை நாடகம் பார்க்கப் போவது எப்படி?

பாட்டும் வசனமுமாக நடக்கும் நாடகம் நம் மாவட்டத்துக்குப் புதிதில்லை. ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணன் தொழில் கற்றது அப்படிப்பட்ட நாடகக் கம்பெனியில்தான். ஆனால் நாடு நாடாகச் சுற்றிவரும் பெரிய இசை நாடகங்களைப் பார்க்க நாம் பெரும்பாலும் மும்பைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. 2023 மே மாதம் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' அங்கே வந்தது. பாந்திரா குர்லா காம்ப்ளெக்ஸில் (பிகேசி) இருக்கும் நீதா முகேஷ் அம்பானி கலாச்சார மையத்தின் கிராண்ட் தியேட்டரில் நடந்தது. 2,000 பேர் உட்காரும் அரங்கு. அடுத்து இப்படி ஒன்று வரும்போது முதல்முறை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

1. முதலில் ரயில், பிறகு நாடகம்

ரயில் டிக்கெட்டை ரத்து செய்தால் பிடித்தம் போக மீதி கைக்கு வரும். நாடக டிக்கெட்டுக்குப் பொதுவாகப் பணம் திரும்ப வராது. அதனால் ரயிலில் இடம் உறுதியான பிறகே நாடக டிக்கெட்டை எடுங்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். மே விடுமுறை என்றால் திறக்கும் அன்று காலையிலேயே போட்டுவிட வேண்டும்.

நாகர்கோவில் சந்திப்பிலிருந்தே மும்பை சிஎஸ்எம்டிக்கு (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) எக்ஸ்பிரஸ் இருக்கிறது. போய்ச்சேர ஏறக்குறைய ஒன்றரை நாள் ஆகும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்: காலையில் இறங்கி மாலைக் காட்சி பார்த்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். இவ்வளவு நீண்ட பயணத்தில் ரயில் சில மணி நேரம் தாமதமாவது சாதாரணம். காட்சிக்கு முந்தின நாளே இறங்கிவிடுங்கள். திரும்பும் ரயிலையும் காட்சிக்கு மறுநாளைக்கே போடுங்கள். விமானம் என்றால் திருவனந்தபுரத்திலிருந்து சுமார் இரண்டு மணி நேரம். மும்பை விமான நிலையத்தின் இரண்டு முனையங்களிலிருந்தும் மெட்ரோ 3ஆம் தடத்தில் ஏறி பிகேசி நிலையத்தில் இறங்கலாம்.

2. இருக்கை

முதல் இரண்டு வரிசையை விடுங்கள். கழுத்து வலிக்கும், நடனத்தின் அணிவகுப்பும் தெரியாது. கீழ்த்தளத்தில் நடுவரிசைகள் நல்லது. பணம் இடிக்கிறது என்றால் பால்கனியின் முன்வரிசை நடு இருக்கைகள். ஓரத்து இருக்கை விலை குறைவாக இருந்தால் காரணம் உண்டு: மேடையின் ஒரு பக்கம் மறையும். பால்கனிக்குப் பைனாகுலர் கொண்டுபோவதாக இருந்தால் 3 அல்லது 4 மடங்கு போதும். பறவை பார்க்கும் 10 மடங்குக் கருவியில் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும், மேடையின் சிறு பகுதி மட்டுமே அகப்படும்.

டிக்கெட் 500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி சேரும். குழந்தைகளுக்கான வயது வரம்பையும் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

3. பிள்ளைகளைத் தயார் செய்வது

இதைத்தான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறோம். 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்'கையே எடுத்துக்கொள்வோம். நாடகம் முழுக்க ஆங்கிலம். கதை தெரியாமல் உட்காரும் பிள்ளை அரை மணி நேரத்தில் நெளிய ஆரம்பித்துவிடும். ஒரு வாரத்துக்கு முன்பே தமிழில் கதையைச் சொல்லிவிடுங்கள்: ஆஸ்திரியாவில் கன்னியர் மடத்துப் பெண் மரியா, தாயில்லாத ஏழு பிள்ளைகளுக்கு ஆசிரியையாகப் போகிறாள், பாட்டுச் சொல்லித் தருகிறாள். 1938இல் நாஜிகள் நாட்டைப் பிடித்ததும் குடும்பமே மலை தாண்டித் தப்புகிறது.

பல தயாரிப்புகளில் கடைசிக் கச்சேரிக் காட்சியில் ஸ்வஸ்திகா போட்ட நாஜிக் கொடிகள் தொங்கும். வீட்டு வாசலில் மங்கலமாக வரையும் குறியை நம் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். இங்கே அது எதைக் குறிக்கிறது என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், கதையின் பயமே அவர்களுக்குப் புரியாது.

அடுத்து பாட்டுகள். 1959இல் மேடை ஏறிய நாடகம் இது, படம் வந்தது 1965இல். படம் பார்த்தவர்கள் அதே வரிசையை எதிர்பார்த்துக் குழம்புவார்கள். படத்தில் இடி மின்னலின்போது பிள்ளைகளுக்காக மரியா பாடும் 'மை ஃபேவரிட் திங்ஸ்' பாட்டை, மூல நாடகத்தில் மடத்திலேயே தலைமைக் கன்னியரோடு சேர்ந்து பாடிவிடுவாள். இடிக் காட்சிக்கு ஆட்டிடையன் பாட்டு. படத்தில் இல்லாத சில பாட்டுகளும் மேடையில் உண்டு. ஆகவே படத்தை மட்டும் போட்டுக் காட்டாமல், மேடை நாடகத்தின் இசைத்தட்டுப் பதிவையும் கேட்க வையுங்கள். 'டோ-ரே-மி' பாட்டு நம் ச-ரி-க-மதான். சர்ச் பாடகர் குழுவில் டோனிக் சோல்ஃபா (ஸ்வரங்களை டோ, ரே, மி என்று படிக்கும் முறை) படித்த பிள்ளைக்கு அது உடனே பிடிபடும்.

4. காட்சி நாள்

முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். தொடங்கிய பிறகு வந்தால், பொருத்தமான இடைவெளி வரும்வரை வெளியே நிறுத்திவிடுவார்கள். முதல் பாட்டு போய்விடும். ஏசி குளிரும், பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை எடுங்கள். ஊரிலிருந்து கொண்டுபோன ஏத்தங்காய் சிப்ஸை அறையிலேயே வைத்துவிடுங்கள். பாக்கெட் சரசரப்பு நாலு வரிசைக்குக் கேட்கும். படம், வீடியோ எடுக்கக்கூடாது. போனை அணைத்துவிடுங்கள், வைப்ரேட்டில் போட்டாலும் திரை வெளிச்சம் நடிகர்கள் கண்ணில் படும்.

'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' இடைவேளையோடு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம். இடைவேளை மணி அடித்ததும் முதலில் கழிப்பறை, தின்பண்டம் பிறகு. மாற்றிச் செய்தால் வரிசையிலேயே நேரம் போய்விடும்.

கடைசி வணக்கத்தின்போதே பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். வாத்தியக் குழு நேரில் வாசிக்கும் தயாரிப்பாக இருந்தால், கூட்டம் வெளியேறும்போதும் வாசிப்பு கொஞ்ச நேரம் தொடரும். ஊழியரிடம் கேட்டுவிட்டு, மேடைக்கு முன்னால் இருக்கும் வாத்தியப் பள்ளத்தின் விளிம்புவரை பிள்ளைகளைக் கூட்டிப்போய் எந்த ஒலி எந்தக் கருவியிலிருந்து வந்தது என்று காட்டுங்கள்.